பாணி இல்லாத பரம்பரை

(தாம்பரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் அரூப ஓவியர் இன்னோர் அரூப ஓவியரிடமிருந்து என்ன பெற்றுக்கொள்கிறார் என்பதுதான் இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் பொருள். இதைக் கேட்டதும் நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் ஓடத் தோன்றும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து வேளச்சேரி சாலையைப் பிடித்து, மேடவாக்கத்தில் திரும்பி, சோழிங்கநல்லூர் சிக்னலையும் பக்கிங்காம் கால்வாயையும் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அதில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஈஞ்சம்பாக்கம், சோழமண்டலம் ஓவியர் கிராமம். சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்கிறார்கள். அப்படி ஒரு நாளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தக் கிராமத்தோடு சேர்ந்த இரண்டு பேரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒருவர் கே.சி.எஸ். பணிக்கர், 1911இல் பிறந்தவர். இன்னொருவர் வி. விஸ்வநாதன், 1940இல் பிறந்தவர். ஆசிரியர், மாணவர். இருபத்தொன்பது வயது இடைவெளி.

ஆசிரியர், மாணவர் என்று சொன்னதுமே உங்களில் பாதிப் பேர் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். பெரியவர் கொடுத்தார், சின்னவர் வாங்கினார், கதை முடிந்தது என்று. நம் ஊரில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. கச்சேரியில் சிஷ்யர் ஒரு கமகத்தைக் குருநாதர் மாதிரியே பிடித்தால் முன்வரிசையில் தலைகள் ஆடும். அது பாணி, அது பரம்பரை. அதே சிஷ்யர் ஓவியராக இருந்து ஆசிரியரின் கோட்டைப் போலவே ஒரு கோடு இழுத்தால் நாம் முகத்தைச் சுளிப்போம். ‘காப்பி’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோம். இசையில் நகையாக இருப்பது ஓவியத்தில் ஏன் குற்றமாகிறது? பணிக்கரும் அவருடைய மாணவர்களும் இந்த முடிச்சைத் தங்கள் வழியில் அவிழ்த்தார்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஒரு பரம்பரை இருந்தது. பாணி மட்டும் கைமாறவில்லை.

பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பம் மலையாளக் குடும்பம். தந்தி இலாகாவில் வேலை பார்த்தார், இன்சூரன்ஸ் ஏஜெண்டாகவும் இருந்தார். பெரியமேட்டுக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தது 1936இல், இருபத்தைந்து வயதில். அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. இன்றைக்கு அரசு கவின்கலைக் கல்லூரி. அப்போது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நாம் தினமும் தாண்டிப் போகிறோமே, உழைப்பாளர் சிலை, அதைச் செய்தவர். தசையும் நரம்பும் எலும்பும் கண்ணெதிரே தெரியும்படி உருவங்களை வடித்த மனிதர். அவரிடம் படித்த பணிக்கர்தான் கடைசியில் உருவத்தையே கைவிட்டு எழுத்தையும் கட்டத்தையும் வரைந்தார். அந்தப் பள்ளியில் விலகிப் போகும் வழக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம். 1954இல் ஐரோப்பியப் பயணம், லண்டனிலும் பாரிசிலும் கண்காட்சிகள். 1957இல் ராய் சௌத்ரிக்குப் பின் பள்ளியின் தலைமைப் பொறுப்பு. 1967 வரை அதே நாற்காலி. ஐரோப்பாவிலிருந்து திரும்பிய பணிக்கரை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. நான் வரைவது நவீனமாக இருக்கிறது, சரி. ஆனால் இது என்னுடையதா? வான்கோவின் தூரிகையை இரவல் வாங்கிக்கொண்டு கோயில் திருவிழாவை வரைந்தால் அது எந்த ஊர் ஓவியம்? 1950களில் அவர் வரைந்த தோட்டங்களிலும் புத்தரிலும் ஏசுவிலும் இந்தத் தத்தளிப்பைப் பார்க்கலாம். அழகான படங்கள். ஆனால் பதில் இன்னும் கிடைக்காத ஒருவரின் படங்கள்.

பதில் 1963இல் கிடைத்தது. கிடைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் புனிதமான சமாசாரம் எதுவும் கிடையாது. குகை ஓவியம் இல்லை, கோயில் கோபுரம் இல்லை. கணக்குப் படிக்கும் ஒரு மாணவரின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம். எண்கள், அல்ஜீப்ராவின் ஆங்கில எழுத்துகள், ஜியோமெட்ரிக் கோடுகள் எல்லாம் ஒரே தாளில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அதுதான் தன் புது மொழியைக் கண்டெடுக்க உதவியது என்று பணிக்கரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அங்கிருந்து பிறந்தது ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை.

அந்த வரிசையிலிருந்து ஒரு படத்தின் முன் நின்றால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய பத்திரம் மாதிரி, ஜாதகக் குறிப்பு மாதிரி இருக்கும். வெளிர்ந்த தரை. அதில் வரி வரியாக எழுத்துகள், மலையாள எழுத்தின் வளைவுகள். கூடவே ராசிக் கட்டம் மாதிரி சதுரங்கள், ஒரு மீன், ஒரு பறவை, ஒரு பாம்பு, முக்கோணம், கணக்குக் குறிகள். கிட்டே போய்ப் படிக்கப் பார்ப்பீர்கள், கட்டாயம் பார்ப்பீர்கள். எழுத்தைக் கண்டால் கண் சும்மா இருக்காது. படிக்க முடியாது. மலையாளம் தெரிந்தவர்களும் தோற்றுப் போவார்கள். அவை படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. பொருள் தரும் என்று கண் காத்திருக்கிறது, பொருள் வரவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பிலேயே கோட்டின் ஓட்டம், எழுத்துகளின் நெருக்கம், இரண்டு வரிகளுக்கு நடுவே விட்ட வெற்றிடம் எல்லாம் தெரிய ஆரம்பிக்கின்றன. நம்மைப் பார்க்க வைக்க, படிக்கும் பழக்கத்தையே அவர் தூண்டிலாகப் போட்டிருக்கிறார். பால் கிளே குறிகளை வைத்து விளையாடியிருக்கிறார். அமெரிக்காவில் மார்க் டோபி, சீனத் தூரிகை எழுத்தைக் கற்றுக்கொண்டு, வெள்ளைக் கோடுகளால் கேன்வாஸை நிரப்பினார். பணிக்கரின் எழுத்து அவர்கள் கைக்கு வந்திருக்காது. ஜாதகம் எழுதும் கணியர் வீட்டுத் திண்ணையும் பள்ளிக்கூடத்து நோட்டும் ஒரே தாளில் சந்திக்கும் ஊர் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நியூயார்க் போய்விட்டு வரலாம். நான் முன்பு சொன்ன ‘பெரியவர் கொடுத்தார், சின்னவர் வாங்கினார்’ கதை எவ்வளவு பொய்யாக முடியும் என்பதற்கு அங்கே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது.

ஜாக்சன் போலக் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேன்வாஸைத் தரையில் விரித்துப் பெயின்டைச் சொட்டவிட்டவர். அவருடைய மனைவி லீ கிராஸ்னரும் ஓவியர். போலக்கோடு நெருங்கிப் பழகும் முன்பே ஹான்ஸ் ஹோஃப்மனிடம் நவீன ஓவியத்தை முறையாகப் படித்தவர். 1945இல் திருமணம் ஆகி லாங் ஐலண்டில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோனார்கள். பெரிய கொட்டகை கணவருக்கு, மாடி அறை மனைவிக்கு. அந்தச் சின்ன அறையில் 1946க்கும் 1950க்கும் நடுவே கிராஸ்னர் வரைந்த படங்களுக்குச் ‘சின்னப் படங்கள்’ என்றே பெயர். அவற்றில் சில, கட்டம் கட்டமாகப் படிக்க முடியாத எழுத்துகள் நிறைந்தவை. சிறுவயதில் அவர் எபிரேய எழுத்து கற்றிருந்தார். கடலுக்கு அப்பால், பதினேழு ஆண்டுகள் முன்னால், பணிக்கரின் படங்களுக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி! இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சிறுவயதில் கையில் ஏறிய எழுத்து, அர்த்தத்தை உதறிவிட்டு, நாற்பதை ஒட்டியும் ஐம்பதைத் தாண்டியும் கையிலிருந்து வெளியே வரும் என்று மட்டும் சொல்கிறேன்.

என் வாதத்துக்கு வேண்டியது வேறு. பல காலம் கிராஸ்னரைப் பற்றி எழுதியவர்கள் ‘போலக்கின் பாதிப்பு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தார்கள். ஹோஃப்மனையும் விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க்கையும் போலக்குக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். மேல்மாடியில் நடந்தது கொட்டகைக்கு இறங்கவே இல்லையா? ஜேனட் சோபெல் என்ற பெண்மணி பெயின்டைச் சொட்டவிட்டு வரைந்த படங்களை 1940களின் நடுவில் போலக் பார்த்திருந்தார் என்பதைக் கிரீன்பெர்க்கே பின்னால் ஒப்புக்கொண்டார். ஆனால் கலை வரலாற்றில் தண்ணீர் எப்போதும் பிரபலமானவரிடமிருந்து பிரபலமாகாதவரை நோக்கித்தான் ஓடுகிறது, வரலாறு எழுதுகிறவர்கள் அப்படித்தான் வாய்க்கால் வெட்டுகிறார்கள்.

சென்னையிலும் அதே வாய்க்கால்தான், ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு. அதோடுதான் எனக்குச் சண்டை.

1963இல் பணிக்கருக்கு வயது ஐம்பத்திரண்டு. முதல்வர் நாற்காலி, பெயர், மரியாதை எல்லாம் வந்துவிட்ட வயது. அந்த வயதில் ஓர் ஓவியர் தன் படத்தின் மொழியைத் தலைகீழாக மாற்றுகிறார். அப்போது அவரைச் சுற்றி யார் இருந்தார்கள்? 1960ஐ ஒட்டிப் பள்ளிக்குள் நுழைந்த ஒரு கூட்டம். விஸ்வநாதன், எஸ்.ஜி. வாசுதேவ், கே.வி. ஹரிதாசன், கே. ராமானுஜம், அக்கித்தம் நாராயணன், சேனாதிபதி, ஆதிமூலம். எல்லாரும் இருபதுகளில். எல்லாரும் கோட்டை நம்பியவர்கள். சென்னைப் பள்ளியின் அடையாளமே கோடுதான் என்று பிற்பாடு எல்லாரும் எழுதினார்கள். அந்தக் கோட்டை ஒரே ஆள் கண்டுபிடித்து மற்றவர்களுக்குப் பந்தி வைத்ததாக என்னால் நம்ப முடியவில்லை. எல்.முனுசாமியும் சந்தானராஜும் தனபாலும் அங்கே ஆசிரியர்களாக இருந்தவர்கள். மாலையில் மாணவர்கள் வரைந்து வைத்ததைக் காலையில் முதல்வர் பார்த்துக்கொண்டு போவார். பார்த்தது கண்ணில் ஒட்டாமல் போகுமா? அவரைத் திருப்பிவிட்டதும் ஒரு மாணவரின் நோட்டுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதை என்னால் நிரூபிக்க முடியாது. யார் சொல்லுங்கள், ஒரு கோட்டின் பிறப்புச் சான்றிதழை வைத்திருக்கிறார்கள்? படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வந்த முடிவு.

விஸ்வநாதன் கேரளத்தில் கொல்லத்துப் பக்கம் பிறந்தவர். சென்னைப் பள்ளியில் படித்து 1966இல் வெளியே வந்தார். அதே ஆண்டில்தான் சோழமண்டலம். அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆசிரியர் எழுத்தைப் பிடித்தார் என்றால், மாணவர் எழுத்தின் பக்கமே போகவில்லை. அவர் பிடித்தது வடிவத்தின் எலும்பை. வட்டம், சதுரம், முக்கோணம். கேரளத்துக் கோயில்களில் ஐந்து வண்ணப் பொடியால் தரையில் தேவியை வரைவார்களே, களமெழுத்து, சடங்கு முடிந்ததும் அழித்துவிடுவார்களே, அந்தத் தரையின் நினைவு அவர் ஜியோமெட்ரியில் இருப்பதாக என் கண்ணுக்குப் படுகிறது. ஹரிதாசன் இன்னொரு வழியாக யந்திரத்துக்குப் போனார். ‘பிரம்மசூத்திரம்’ என்ற வரிசையை வரைந்தார். அஜித் முகர்ஜியின் ‘தந்த்ரா ஆர்ட்’ புத்தகம் வந்ததும் 1966இல்தான். நாடு முழுக்க அரூப ஓவியர்களுக்கு அது ஒரு பெரிய கதவைத் திறந்தது. சிலருக்கு அது சுலபமான கதவாகவும் போயிற்று என்பது என் கருத்து. நடுவில் ஒரு புள்ளியை வைத்துச் சுற்றி முக்கோணம் போட்டால் ஆன்மிகம் தானாக வந்துவிடும் என்று நினைத்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் ஹோட்டல் வரவேற்பறைகளில் உண்டு. விஸ்வநாதன் அதில் தேங்கவில்லை. கோடுகளைத் தளர்த்தினார், வண்ணத்தை வெளியே விட்டார். பாலிலிருந்து எடுக்கும் கேசீனைப் பசையாகக் கொண்ட வண்ணத்தைக் கேன்வாஸில் இழுத்தார். எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பு அதில் இருக்காது. சுவரில் பூசிய சுண்ணத்தின் மௌனம் இருக்கும். படத்துக்குத் தலைப்பு வைக்கும் வழக்கமும் அவருக்குக் கிடையாது.

ஆக, இருவர் படங்களையும் பக்கத்தில் வைத்தால் ஜாடை தெரியாது. ஒருவர் படம் பேச்சு நிறைந்த சந்தை. இன்னொருவர் படத்தில் பேச்சே இல்லை. பின் எதைத்தான் வாங்கிக்கொண்டார்? ஆசிரியருக்கு ஐரோப்பாவில் தைத்த முள்ளை. நவீனமாகவும் இருக்க வேண்டும், இரவலாகவும் இருக்கக் கூடாது என்ற பிடிவாதத்தை. பதிலை அவரவர் தேடிக்கொண்டார்கள்.

சோழமண்டலத்தின் கதையில் எனக்குப் பிடித்தது பணக் கதை. படம் விற்றுச் சாப்பிட முடியாது என்பது 1960களின் சென்னையில் எல்லாருக்கும் தெரியும். படித்து முடித்த பையன் விளம்பரக் கம்பெனிக்கோ நெசவு மையத்துக்கோ போவான். ஐந்து வருடத்தில் தூரிகையை மறந்துவிடுவான். பணிக்கர் இதற்குப் பாத்திக் துணியைக் கொண்டு வந்தார். மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கும் வேலை. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பாத்திக் செய்தார்கள், கைவினைப் பொருள் செய்தார்கள், அதற்கென்று ஒரு சங்கமும் அமைத்தார்கள். விற்ற காசைச் சேர்த்து, மகாபலிபுரம் போகும் சாலையோரம் ஏறக்குறைய 10 ஏக்கர் வாங்கினார்கள். அரசு கொடுத்த நிலம் என்று இன்றைக்கும் சிலர் நினைக்கிறார்கள். இல்லை, துணியில் சாயம் முக்கிச் சம்பாதித்தது. அன்றைக்கு ஈஞ்சம்பாக்கம் மணலும் சவுக்கும்தான். மின்சாரம் கிடையாது. குடிசை போட்டுக்கொண்டு போனார்கள்.

பாத்திக் வயிற்றுக்கு மட்டும் உதவவில்லை. மெழுகு போட்ட துணியில் நிழல் போட்டு உருவத்தைத் திரட்ட முடியாது. தட்டையாகத்தான் யோசிக்க வேண்டும். கோடு போட்டால் போட்டதுதான், அழிக்க வழியில்லை. அந்தக் கூட்டத்தின் அறுபதுகள், எழுபதுகள் படங்களில் தெரியும் தட்டைத்தன்மைக்கும் கோட்டின் உறுதிக்கும் இந்தச் சாயத் தொட்டிக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குப் படுகிறது. விமர்சகர்கள் தத்துவத்தைத் தேடும் இடத்தில் சில சமயம் மெழுகு இருக்கும்.

எல்லாம் ஆனந்தமாக நடந்தது என்று கதை கட்ட மாட்டேன். கனவு நகரங்களைக் கோட்டாலேயே கட்டிய ராமானுஜம், பணிக்கர் அரவணைத்துக் காத்த பிள்ளை, 1973இல் அந்தக் கிராமத்திலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முப்பதைத் தாண்டிய சில வருடங்கள்தான். அவரைப் பற்றித் தனியாக ஒரு மாலை பேச வேண்டும். பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். அர்னவாஸ் வாசுதேவ், சிற்பி அனிலா ஜேக்கப் பெயர்கள் வருகின்றன. அதற்கு மேல் பட்டியல் அதிகம் நீளவில்லை.

விஸ்வநாதன் 1968இல் பாரிஸ் போய் அங்கேயே தங்கினார். அக்கித்தம் நாராயணனும் அந்த நகரத்துக்குத்தான் போனார். பணிக்கர் 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். பாரிசிலிருந்த விஸ்வநாதன் எழுபதுகளின் பிற்பகுதியில் இந்தியக் கடற்கரையோரமாகப் பயணம் செய்து ஊர் ஊராக மணலைச் சேகரித்தார். அதிலிருந்து ‘மணல்’ என்ற படம் 1982இல் வந்தது. ஓவியர் எடுத்த சினிமா. பிறகு ஐம்பூதங்களில் மற்றவற்றுக்கும் ஒவ்வொரு படம். சோழமண்டலத்து வீட்டையும் அவர் விட்டுவிடவில்லை. பாரிசுக்கும் ஈஞ்சம்பாக்கத்துக்கும் மாறி மாறி வந்து வேலை செய்தார். ஆசிரியரை வணங்கி ஒரு படம் வரைந்திருந்தால் நமக்குப் புரிந்திருக்கும். அவர் மணல் பொறுக்கினார். அந்த மனிதரோடு இருந்த இடமே மணல்தான் என்பதை நினைத்தால் எனக்கு இது வணக்கத்தைவிடப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இது என் ஊகம், அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

இவர்களை அமெரிக்க அர்த்தத்தில் அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிஸ்டுகள் என்று சொல்லலாமா என்று ஒரு நண்பர் கூட்டத்துக்கு முன்பே கேட்டார். கறாராகப் பார்த்தால் முடியாது. உடம்பின் வேகத்தைக் கேன்வாஸில் கொட்டும் வேலை பணிக்கரிடம் இல்லை. போலக், ராத்கோ, டி கூனிங் எல்லாரையும் சுமந்து வந்த ‘அமெரிக்க ஓவியத்தின் இருபதாண்டுகள்’ கண்காட்சி 1967இல் டெல்லிக்கு வந்தபோது சோழமண்டலம் ஏற்கெனவே தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. அந்த வேகத்துக்குக் கிட்டே வருகிறவர்களைச் சென்னையில் தேடினால் முனுசாமியிடமும் சந்தானராஜிடமும் போக வேண்டும். வண்ணத்தையே பொருளாக்கியவர்கள் என்றால் ஆதிமூலம், அச்சுதன் கூடல்லூர். ஆதிமூலத்தைக் காந்தி கோட்டோவியங்களாலும் சிறுபத்திரிகைகளாலும் அறிந்தவர்கள், அவருடைய பிற்கால எண்ணெய் வண்ண அரூபங்களைப் பார்த்தால் ஆள் வேறு என்பார்கள். அச்சுதன் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு மாலை வகுப்புகளில் ஓவியம் கற்றவர், 2022இல் மறைந்தார். இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்து இதே கேள்வியைக் கேட்டால் எனக்கு இன்னும் கடினமான உரை கிடைக்கும், ஏனென்றால் அங்கே யாரும் யாருக்கும் ஆசிரியர் இல்லை.

சோழமண்டலத்தில் பணிக்கர் பெயரில், சென்னை இயக்கத்துக்கென்று ஒரு மியூசியம் 2009 முதல் இருக்கிறது. போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பெயர்ப் பலகையை முதலில் படிக்காதீர்கள். படங்களை மட்டும் பார்த்து யார் ஆசிரியர், யார் மாணவர் என்று நீங்களாகப் பிரித்துப் பாருங்கள். பிறகு பலகைக்குப் போங்கள். நான் அழைத்துப் போன நண்பர்களில் ஒருவர்கூட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னதில்லை. ஓவியம் படித்தவர்களும் அதில் அடக்கம்.

இனி நீங்கள் கேளுங்கள், பேசலாம்.